இரண்டாம் நம்பரைக் கோணலாக்கிய பொங்கல்

“நீ சரி பண்ணினதுதான்டா தப்பு!”

“இன்னாக்கா பேசற? ரிப்பேரா இருந்திச்சு, ரிப்பேர் பண்ணேன். அது ஒரு குத்தமா?”

“யார் உன்னைப் பண்ணச் சொன்னா? மாசக்கணக்கா அது கோணலாத்தான் இருந்தது. கோணலாவே எழுதிச்சு, கோணலாவே படிச்சுது. எனக்கு ஒரு குறையும் இல்ல.”

“அதுக்கு?”

“அதுக்கு, மறுபடியும் கோணலா வை.”

“டாக்டராண்ட போயி, ‘போன வாரம் எனக்கு இருந்த ஜுரத்தைத் திருப்பிக் குடு’ன்னு கேப்பியாக்கா நீ?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நானும் கபாலியும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. 1976, போகிப் பண்டிகை அன்று காலை. அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் சென்டர். நானும் கபாலியும் அங்கே ஆபரேட்டர்கள். என் அப்பாவுக்கு தி. நகரில் ஜவுளிக்கடை. மகன் துணி கிழிக்காமல் டேப் மாட்டப் போய்விட்டானே என்று அவருக்கு வருத்தம். அது வேறு கதை.

உள்ளே கத்திக்கொண்டிருந்தவர் ஜோன் மேடம். சாந்தோமில் வீடு. ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தபடியே பிஎச்.டி.யும் செய்துகொண்டிருந்தார். பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் வால்டர், மெஷின் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். அவனும் சாந்தோம்தான். சின்ன வயதில் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் அவனுக்குப் பாடம் எடுத்தவர் இந்த மேடம். அதனால் அவன் அக்கா என்பான், அவர் ‘டா’ போடுவார்.

சண்டை எதற்கு என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். டேப் டிரைவைப் பார்த்திராதவர்கள் இந்த வாட்ஸப் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பீரோ மாதிரி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சக்கரம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேப் ஓடும். நடுவில் ‘ஹெட்’ என்று கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு. எழுதுவதும் படிப்பதும் அதுதான். டேப்புக்கு நேர் குறுக்கே அது நிமிர்ந்து நிற்கவேண்டும். எங்களிடம் இருந்த இரண்டு டிரைவில் இரண்டாம் நம்பரின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்த ஹெட் சாய்த்து எழுதும். சாய்த்து எழுதியதை அதே சாய்ந்த ஹெட் அழகாகப் படித்துவிடும். வேறு எந்த டிரைவில் மாட்டினாலும் திணறும்.

அப்போதெல்லாம் எங்களுக்கு இது புரியவில்லை. இரண்டில் எழுதிய டேப்பை ஒன்றில் மாட்டினால் தகராறு செய்யும். “அத்த ரெண்டுலயே மாட்டு மச்சி” என்பான் கபாலி. மாட்டுவோம், ஓடும். கொஞ்ச நாளில் அதுவே வழக்கமாகிவிட்டது.

இதில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பங்கு உண்டு. டேப்பில் ஓரிடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அது உடனே கையை விரிக்காது. டேப்பைப் பின்னால் இழுத்து மறுபடி படிக்கும். முடியவில்லையா, மறுபடி இழுக்கும். நடுநடுவே இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போய், தூசி துடைக்கும் ஒரு பிளேடின் மேல் டேப்பை உரசவிட்டுத் திரும்ப வந்து படிக்கும். டக், சர்ர், டக், சர்ர் என்று சத்தம் வரும். இப்படி ஒரு நூறு முறையாவது பார்க்கும். நூற்றில் ஒரு தடவை சரியாகப் படித்துவிட்டாலும் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போய்விடும், நம்மிடம் சொல்லாது. அதனால்தான் இரண்டாம் நம்பரின் நோய் அத்தனை மாதம் வெளியே தெரியவில்லை.

கடைசியில், நாங்கள் அனுப்பிய ஒரு டேப்பைத் தங்களால் படிக்கவே முடியவில்லை என்று வெளியூர் ஆபீஸ் ஒன்றிலிருந்து தந்தி வந்தது. வால்டர் போகிக்கு முந்தின நாள் வந்தான். ஸ்கோப் என்ற அளவுக் கருவியை வைத்துப் பார்த்தான், ஹெட்டை நிமிர்த்தினான், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மற்ற வேலைகளின் டேப்பெல்லாம் வாராவாரம் புதிதாக எழுதப்படுபவை. அவற்றுக்கு நஷ்டம் இல்லை. ஜோன் மேடத்தின் டேப் ஒன்றுதான் போன ஜூனில் எழுதி வைத்தது. சாய்த்து எழுதிய அதை நிமிர்ந்த ஹெட் இனிப் படிக்காது என்று வால்டர் சொல்லித்தான் மேடத்துக்குத் தெரிந்தது.

அதில் இருந்தது அடையாற்றுத் தண்ணீர். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் உப்பு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று இரண்டு வருஷம், ஒவ்வொரு நாளும் கடலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் படகில் போய் அளந்த கணக்கு. ஜனவரி கடைசிக்குள் தீஸிஸைக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. ஆறு வருஷ உழைப்பு அதோடு போச்சு.

நாங்கள் மெதுவாக உள்ளே போனோம்.

“கார்டு இருக்குமே மேடம்?” என்றேன். டேப்பில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஓட்டைக் கார்டுகளில் பஞ்ச் செய்திருந்தோம். பெட்டி பெட்டியாக அவர் வாங்கிக்கொண்டு போனது எனக்கு நினைவிருந்தது.

மேடம் வால்டரைப் பார்த்தார்.

“சொல்லேன்டா. கார்டெல்லாம் எங்க இருக்குன்னு சொல்லு.”

வால்டர் தலையைச் சொறிந்தான். “கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் பண்ணோம்.”

“யாரு?” என்றேன்.

“சர்ச் இளைஞர் சங்கம்தான். நல்லா விறைப்பா இருந்திச்சு மச்சி. மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு, சில்வர் பெயின்ட் ஊத்தி…”

“உங்க வீட்டு வாசல்ல இன்னும் ஒண்ணு தொங்குதேடா. அதுல என்னோட ஆகஸ்ட் மாசம் இருக்கு” என்றார் மேடம்.

கபாலி சிரித்துவிட்டான். உடனே வாயைப் பொத்திக்கொண்டான். படகில் பென்சிலால் குறித்த தாள்களை வீட்டு அலமாரியில் கரையான் தின்றுவிட்டதாம். கார்டு இருக்கிறதே என்று மேடம் தாளைப் பற்றிக் கவலைப்படவில்லை. டேப் இருக்கிறதே என்று கார்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம்.

“சரி, ஒருக்கா மாட்டு பாக்கலாம்” என்றான் வால்டர், என்னிடம்.

இரண்டாம் நம்பரில் மாட்டினேன். முதல் இடத்திலேயே நின்றது. டக், சர்ர், டக், சர்ர். மேடம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு டேப்பையே பார்த்தார். ரொம்ப நேரம் முன்னும் பின்னும் ஆடிவிட்டு சிஸ்டம் ஓய்ந்தது. கன்சோல் டைப்ரைட்டர் தானாகவே ஒரு வரி அடித்தது: படிக்க முடியவில்லை. அதற்கு நாம் மூன்றில் ஒரு பதிலைத் தட்டலாம். மறுபடி முயற்சி செய், அல்லது தப்போ சரியோ வந்ததை அப்படியே எடுத்துக்கொள், அல்லது இந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. பதில் வரும்வரை அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

“நிறுத்து, நிறுத்து. எதையும் அடிக்காத” என்றான் வால்டர். குரலில் இருந்த சூடு இறங்கிவிட்டது. “அக்கா, கோணலா வைக்கறது பெரிசில்ல. எவ்ளோ கோணல்? அதான் கேள்வி. சாஞ்சிருந்ததை நிமித்தினேனே தவிர எவ்ளோ சாஞ்சிருந்ததுன்னு அளக்கலியே. ஸ்கோப்பும் நேத்து ராத்திரி ரயில்ல திருச்சி போயிடுச்சு. வர ஒரு வாரம் ஆவும். நீங்க ரெண்டு பேராவது முன்னாடியே சொல்லக் கூடாதாடா, இது இப்டி பண்ணுதுன்னு?”

“படிச்சிக்கினு இருந்திச்சே வால்டரு. படிக்கறதைப் போய் இன்னான்னு சொல்றது?” என்றான் கபாலி.

வெளியே யாரோ பழைய பாயைக் கொளுத்திய புகை ஏ.சி. வழியாக லேசாக நாறியது.

வால்டர் குனிந்து ஹெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “பொன்ராஜ், மறுபடி முயற்சின்னு அடி” என்றான். அடித்தேன். டேப் மறுபடி ஆட ஆரம்பித்தது. “பாரு, விடாம இழுத்து இழுத்துப் படிக்குது பாரு. இது இப்டி ஆடிக்கினு இருக்கறப்பவே நான் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பினா? எந்த இடத்துல ஹெட்டு பழைய கோணலுக்கு வருதோ, அங்க படிச்சிடும். படிச்ச உடனே ஆடறதை நிறுத்திட்டு முன்னால போயிடும். இதைவிட ஸ்கோப்பு எதுக்கு?”

மேடம் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“இதை முதல்லயே சொல்ல மாட்டியா?”

“இப்பதானேக்கா தோணிச்சு! ஆனா ஆபீஸ்ல தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவான். நல்லா இருக்கற டிரைவை வேணும்னே கெடுத்தான்னு.”

சென்டரின் தலைவர் பஞ்சாட்சரம் சாரிடம் நால்வருமாகப் போனோம். மயிலாப்பூர்க்காரர், கண்டிப்பானவர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மெஷினை ரிப்பேர் பண்ண அனுமதி கேட்டு வந்திருக்காங்க. ரிப்பேராக்க அனுமதி கேட்டு வர்ற முதல் கோஷ்டி நீங்கதான்.”

“சார், என்னோட ஆறு வருஷம்…” என்றார் மேடம்.

சார் காலண்டரைப் பார்த்தார். பிறகு, “மாட்டுப் பொங்கலன்னிக்கு மெஷின் சும்மாதான் இருக்கும். ஏ.சி. போடச் சொல்றேன். லீவு முடிஞ்சு நான் உள்ள வரும்போது டிரைவ் நிமிர்ந்து நிக்கணும். வால்டர், உங்க ஆபீஸ்ல கேட்டா நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு சொல்லிக்கலாம்” என்றார்.

அளவு டேப் என்று கம்பெனி கொடுத்த ஒன்று வால்டரிடம் இருந்தது. நேராக எழுதப்பட்டது அது. ஹெட்டை மறுபடி நிமிர்த்த அதை ஓட்டிப் பார்த்தால் போதும் என்றான்.

மாட்டுப் பொங்கல் மதியம் கூடினோம். கபாலி ஒரு கரும்பைக் கொண்டுவந்து வாசலிலேயே வைத்தான். பஞ்சாட்சரம் சார் வரமாட்டார் என்று நினைத்தோம், பிளாஸ்க்கில் காபியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

வால்டர் மூடியைத் திறந்து ஸ்குரூடிரைவரை வைத்ததும் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தான்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். ஒரே இடத்தை இத்தினி தடவை உரசினா அந்த இடம் தேஞ்சிடும். மேல பூசியிருக்கற மருந்து உதிர்ந்துடும். அப்புறம் ஹெட்டு சரியாவே இருந்தாலும் அந்த இடம் திரும்ப வராது. ஆரம்பத்துலயே உரசணும்னு இல்ல. டேப்ல எங்க வேணா ஓட்டிக்கினு போய் நிறுத்தலாம். எந்த இடம் போனா பரவால்லன்னு நீதான் சொல்லணும்.”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். ஆற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“மழைக்காலத்தைத் தொடாத. அக்டோபர்ல முகத்துவாரம் உடைஞ்சு கடல் உள்ள வரும், அதுதான் என் தீஸிஸே. ரெண்டாவது வருஷம் மே மாசத்துக்குப் போ. முகத்துவாரத்தை மணல் மூடிடும். தண்ணி அப்படியே செத்துக் கிடக்கும். இன்னிக்கும் நாளைக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. அதைத் தேய்.”

எங்கே மே மாதம் வரும் என்று கணக்குப் போட்டு டேப்பை அங்கே ஓட்டினேன். படிக்கச் சொன்னேன். டக், சர்ர், டக், சர்ர்.

வால்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். திருப்பினான் என்று சொல்வதுகூடத் தப்பு, ஸ்குரூவைத் திருப்ப ஆசைப்பட்டான் என்று சொல்லலாம். அவ்வளவு கொஞ்சம். ஒன்றும் ஆகவில்லை. டைப்ரைட்டர் கேட்டது. மறுபடி முயற்சி என்று தட்டினேன். இன்னும் கொஞ்சம். மறுபடி கேட்டது. மறுபடி தட்டினேன்.

“வேற பக்கம் திருப்பறியோ?” என்றான் கபாலி.

“வாயை மூட்றா டேய். கை ஆடுது.”

“கை ஆடலப்பா. டேப்புதான் ஆடுது.”

மேடமே சிரித்துவிட்டார். டேப்பின் அந்த இடம் லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது. மே மாதத்தில் சில நாட்கள் எங்கள் கண்ணெதிரே பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த இடம் போய்விட்டது என்று வால்டர் சொன்னதும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். அங்கேயும் ஆட்டம். அதற்கடுத்த இடம். பஞ்சாட்சரம் சார் காபியைக் குடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

திடீரென்று சத்தம் மாறியது. ஆடிக்கொண்டிருந்த டேப் ஓரடி முன்னால் போய் நின்று, இரண்டு மூன்று தடவை ஆடி, இன்னும் ஓரடி போனது.

“கையை எடு, கையை எடு!” என்று கத்தினார் மேடம்.

“இரு அக்கா!” என்று இன்னும் ஒரு நூலளவு திருப்பினான் வால்டர். அவ்வளவுதான். டேப் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. சக்கரம் இரண்டும் ஒரே சீராகச் சுற்றின. வால்டர் ஸ்குரூடிரைவரைத் தரையில் போட்டுவிட்டு அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

டேப்பை முதலுக்குச் சுற்றி, ஒன்றாம் நம்பர் டிரைவில் புது டேப் மாட்டி, இதிலிருந்து அதற்கு நகல் எடுக்கச் சொன்னேன். முதல் வருஷம் முழுக்க ஓடியது. மழைக்காலம் வந்தது, போனது. எங்கேயாவது ஒரு தடவை ஆடும், மேடம் சிலுவை போட்டுக்கொள்வார், அது தாண்டிவிடும். பிறகு மே மாதம் வந்தது. நாங்கள் தேய்த்த இடத்தில் நின்றது. ஆடி ஆடிப் பார்த்துவிட்டு டைப்ரைட்டர் பழையபடி கேட்டது: மறுபடியா, அப்படியே எடுக்கவா, விட்டுவிடவா?

“அப்படியே எடுத்துக்கலாம் மேடம். ஒண்ணு ரெண்டு எழுத்துதான் தப்பா இருக்கும்” என்றேன் நான்.

“எந்த எழுத்துன்னு தெரியுமா பொன்ராஜ்?”

“தெரியாது.”

“மூணு எட்டா மாறியிருந்தா, மூடியிருக்கற ஆத்துக்குள்ள கடல் வந்துடுச்சுன்னு ஆயிடும். வேண்டாம்.”

பஞ்சாட்சரம் சார் எழுந்து வந்தார். “விட்டுட்டா நடுவுல ஓட்டை விழும்மா. பரீட்சிக்கறவங்க கண்ணுல முதல்ல அதுதான் படும். மே மாசம் மாறவே மாறாதுன்னு நீங்களே சொன்னீங்களே. அதுக்கு முந்தின நாள் எண்ணையே அந்த இடத்துல போட்டுடுங்களேன். அது பொய்யில்லையே.”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. வால்டர்கூட, “போட்டுடுக்கா. யார் பாக்கப் போறா?” என்றான்.

மேடம் டைப்ரைட்டரைப் பார்த்தார். மெஷின் காத்துக்கொண்டிருந்தது.

“சார், மாறாதுன்னு நான் எப்படிச் சொன்னேன்? அன்னன்னிக்குப் போய் அளந்து பாத்ததாலதானே? அளந்த எண் போயிடுச்சு. போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு எழுதறேன்.” பிறகு என்னிடம், “விட்டுட்டுப் போன்னு அடிங்க” என்றார்.

அடித்தேன். அடுத்த இடத்தில் நின்றது. அதற்கும் அதே பதில். தேய்த்த இடங்கள் எல்லாம் தாண்டியதும் டேப் கடைசிவரை ஓடி முடிந்தது.

அன்று மாலையே வால்டர் அளவு டேப்பை வைத்து ஹெட்டை நிமிர்த்தினான். தன் ஆபீஸிலும் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். திட்டு விழுந்தது, சீட்டு கிழியவில்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் மேடத்தின் வேலையைத்தான் நானும் கபாலியும் முறை போட்டு ஓட்டினோம். தீஸிஸ் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. அதில் இரண்டாவது வருஷ மே மாதப் பட்டியலில் சில வரிகள் காலி. கீழே ‘அளவுகள் டேப்பிலிருந்து மீட்கும்போது அழிந்தன’ என்று ஒரு குறிப்பு. வாய்மொழித் தேர்வில் பாதி நேரம் அந்தக் காலியைப் பற்றித்தான் கேட்டார்களாம். ஒரு தேர்வாளர் விடவே இல்லையாம். பட்டம் கிடைக்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று, இன்னொரு மே மாதம் படகில் போய் அளந்து கொடுக்கவேண்டியிருந்தது. நான் சொன்னபடியோ சார் சொன்னபடியோ செய்திருந்தால் அந்த வருஷம் மிச்சம். அந்த ஒரு வருஷத்தில் அவருக்குக் கிடைக்கவிருந்த துறைத்தலைவர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

போன வாரம் இந்தக் குழுவில் ஒருவர், பென் டிரைவ் கெட்டுப்போய்ப் பாதி ஃபைல்தான் திரும்பக் கிடைத்தது, மீதியை ஞாபகத்தில் இருந்து நிரப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தோன்றுகிறது, ஆனால் அதை முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்த டைப்ரைட்டர் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால், ஆறு வருஷ உழைப்பு உங்களுடையதாக இருந்தால், அந்த மூன்றில் எதைத் தட்டியிருப்பீர்கள்? படித்துவிட்டுப் போய்விடாமல், ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.